அமெரிக்கக் கால்பந்து அணிகள் ஏன் பெயர் மாற்றுகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்.எஃப்.எல். ஆட்டங்களைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் சீக்கிரமே ஒரு குழப்பத்தில் மாட்டிக்கொள்வார்கள். பழைய ஆட்டக் காட்சிகளில் ஹூஸ்டன் ஆயிலர்ஸ் என்று ஓர் அணி வரும். இன்றைய பட்டியலில் தேடினால் கிடைக்காது. பால்ட்டிமோரில் ஆடிய கோல்ட்ஸ் இப்போது இண்டியானாபொலிஸில் இருக்கும். வாஷிங்டன் அணிக்கோ இரண்டு வருஷத்துக்குள் மூன்று பெயர். இது பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

முதலில், இது எந்தக் கால்பந்து?

நீள்வட்டப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து. 1920-இல் ஒஹாயோ மாநிலம் கேன்டன் நகரில் தொடங்கிய சங்கம்தான் 1922-இல் நேஷனல் ஃபுட்பால் லீக் (என்.எஃப்.எல்.) என்று தன் பெயரையே மாற்றிக்கொண்டது. 1960-இல் ஏ.எஃப்.எல். என்ற போட்டி லீக் முளைத்து, 1970-இல் இதனோடு இணைந்தது. இன்று மொத்தம் 32 அணிகள். ஒவ்வோர் அணியின் பெயரிலும் முன்பாதி ஊர் (சிலவற்றில் மாநிலம் அல்லது வட்டாரம்), பின்பாதி பட்டப்பெயர். ஊர்ப்பெயர் மாறினால் அந்த ஊர்க்காரர்கள் மட்டும் அழுவார்கள். பட்டப்பெயர் மாறினால் நாடே பேசும்.

பெயர் மாறுவதற்குப் பொதுவாக என்ன காரணம்?

அணி வேறு ஊருக்குப் போவது, முதலாளி மாறுவது, பணம் கொடுத்த கம்பெனி விலகுவது, அதே ஊரில் அதே பெயரில் இன்னோர் அணி இருப்பது, பெயரே ஒரு சமூகத்தை இழிவுபடுத்துவதாக இருப்பது. எந்தக் காரணமாக இருந்தாலும், பெயர் சட்டப்படி அணி முதலாளியின் சொத்து. ஆனால் அதைப் பச்சை குத்திக்கொண்டு, பிள்ளைக்குச் சட்டை வாங்கிக் கொடுத்து, ஐம்பது வருஷம் கத்திக் கத்தித் தொண்டை வறண்டவர்கள் ஊர்க்காரர்கள். கீழே வரும் பெரிய சண்டைகள் எல்லாம் இந்த இடைவெளியில் பிறந்தவைதான். பெயரில் ஊருக்கும் பங்கு உண்டு என்பதே என் கட்சி.

கம்பெனி பெயரில் அணிகள் இருந்தனவா?

இருந்தன. இன்றைய சிகாகோ பேர்ஸ் 1920-இல் இல்லினாய் மாநிலம் டிகேட்டர் நகரில், ஸ்டேலி என்ற மாவுச்சத்து ஆலையின் அணியாக டிகேட்டர் ஸ்டேலீஸ் என்ற பெயரில் ஆடியது. மறு வருஷமே ஆலைக்குப் பணமுடை. முதலாளி ஸ்டேலி, அணியை நடத்திய ஜார்ஜ் ஹாலஸிடம் 5,000 டாலரைக் கொடுத்து, "சிகாகோவுக்குக் கொண்டுபோ, ஆனால் இந்த ஒரு சீசன் மட்டும் என் பெயரிலேயே ஆடு" என்ற ஏற்பாட்டில் விட்டுவிட்டார். 1921-இல் சிகாகோ ஸ்டேலீஸ், 1922-இல் சிகாகோ பேர்ஸ். ஏன் கரடி? அவர்கள் ஆடிய மைதானம் கப்ஸ் பேஸ்பால் அணியுடையது. கப் என்றால் கரடிக்குட்டி. கால்பந்து ஆட்டக்காரர்கள் உருவத்தில் பெரியவர்கள், அதனால் முழுக் கரடி.

கம்பெனி பெயரை விடாமல் வைத்துக்கொண்டதற்கு கிரீன் பே பேக்கர்ஸ் சாட்சி. 1919-இல் கர்லி லாம்போ தான் வேலை பார்த்த இறைச்சி டப்பா கம்பெனியான இந்தியன் பேக்கிங்கிடம் சீருடைக்காக 500 டாலர் வாங்கினார். அந்தக் கம்பெனி இரண்டு வருஷத்தில் கைமாறிப் போயிற்று. பெயர் நூறு வருஷம் தாண்டியும் நிற்கிறது. இத்தனைக்கும் அது ஒரு சின்ன ஊர். என்.எஃப்.எல்.லில் ஊர்மக்களே பங்குதாரர்களாக இருக்கும் ஒரே அணி அது. விற்றுவிட்டு வேறு ஊருக்குக் கிளம்ப அங்கே தனி முதலாளி கிடையாது.

பேஸ்பால் அணிகளின் பெயரைக் காப்பியடித்தது உண்மையா?

உண்மை. 1920, 30-களில் ராஜா பேஸ்பால்தான். கால்பந்து அணிகள் அதன் நிழலில் ஒண்டிக்கொண்டன. நியூயார்க் ஜயன்ட்ஸ் என்ற பெயர் அப்படியே பேஸ்பால் அணியிடமிருந்து வந்தது. பிட்ஸ்பர்கில் ஆர்ட் ரூனி 1933-இல் தொடங்கிய அணிக்கும் ஊர் பேஸ்பால் அணியின் பெயரான பைரேட்ஸ்தான். 1940-இல் பத்திரிகை வழியாக மக்களிடம் பெயர் கேட்டு, உருக்காலை நகரத்துக்குப் பொருத்தமாக ஸ்டீலர்ஸ் என்று மாற்றினார்கள். டெட்ராய்ட்டுக்கு 1934-இல் போர்ட்ஸ்மவுத் ஸ்பார்ட்டன்ஸ் அணியை ஒரு வானொலி நிலைய முதலாளி வாங்கிக்கொண்டு வந்தபோது, அங்கே ஏற்கெனவே டைகர்ஸ் பேஸ்பால் அணி இருந்தது. புலி இருக்கும் ஊருக்குச் சிங்கம் வந்தது: டெட்ராய்ட் லயன்ஸ்.

இதே வழக்கம் 1963-இலும் தொடர்ந்தது. நியூயார்க் டைட்டன்ஸ் என்ற ஏ.எஃப்.எல். அணி திவாலாகி, சன்னி வெர்ப்லின் தலைமையிலான குழு அதைப் பத்து லட்சம் டாலருக்கு வாங்கியது. புது மைதானம் லாகார்டியா விமான நிலையத்துக்குப் பக்கத்தில். அதே மைதானத்தில் ஆடப்போகும் பேஸ்பால் அணி மெட்ஸ். விமானத்துக்கும் ஆயிற்று, எதுகைக்கும் ஆயிற்று: ஜெட்ஸ். தூக்கியெறிந்த டைட்டன்ஸ் பெயர் பின்னால் வேறோர் ஊரில் வரும், பாருங்கள்.

ஊர் மாறினால் பட்டப்பெயரும் மாறியே ஆகவேண்டுமா?

கட்டாயமில்லை. ராம்ஸ் அணி கிளீவ்லாந்து, லாஸ் ஏஞ்சலிஸ், செயின்ட் லூயி, மறுபடி லாஸ் ஏஞ்சலிஸ் என்று சுற்றியும் ராம்ஸ்தான். ரைடர்ஸ் ஓக்லாந்திலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் போய், திரும்பி வந்து, 2020-இல் லாஸ் வேகஸ் போய்ச் சேர்ந்தது. பெயரில் கை வைக்கவில்லை. கார்டினல்ஸ் சிகாகோ, செயின்ட் லூயி, ஃபீனிக்ஸ் என்று மூன்று ஊர் பார்த்து, 1994-இல் ஊர்ப்பெயரை மாநிலப்பெயராக்கி அரிசோனா கார்டினல்ஸ் ஆனது.

மாற்ற மனமில்லாமல் மாற்றியவர்களும் உண்டு. லாமர் ஹண்ட் தன் டாலஸ் டெக்சன்ஸ் அணியை 1963-இல் கான்சஸ் சிட்டிக்குக் கொண்டுபோனபோது, டெக்சன்ஸ் என்ற பெயரையே அங்கும் வைக்கப் பார்த்தார். கான்சஸ் சிட்டியில் போய் டெக்சாஸ்காரர்கள் என்று சொன்னால் யார் டிக்கெட் வாங்குவார்கள்? சுற்றியிருந்தவர்கள் பேசி மனதை மாற்றினார்கள். அணியை வரவழைத்த மேயர் ரோ பார்ட்டிலுக்கு 'சீஃப்' என்று செல்லப்பெயர். அதிலிருந்து சீஃப்ஸ்.

போகிற அணியிடமிருந்து பழைய ஊர் பெயரைப் பிடுங்கி வைத்துக்கொள்ள முடியுமா?

ஒரே ஓர் ஊர் அதைச் சாதித்தது: கிளீவ்லாந்து. அதற்கு முன்னால் பால்ட்டிமோர் கதையைச் சொல்லவேண்டும். 1984 மார்ச் 28 இரவு, கோல்ட்ஸ் அணியின் சாமான்களை எல்லாம் மேஃபிளவர் என்ற வீடு மாற்றும் கம்பெனியின் லாரிகளில் ஏற்றி, விடிவதற்குள் இண்டியானாபொலிஸுக்குக் கிளப்பிவிட்டார்கள். கொட்டும் பனியில் லாரிகள் போகும் படம் அந்த ஊர்க்காரர்களின் நெஞ்சில் இன்னும் இருக்கிறது. பெயரும் லாரியோடு போய்விட்டது. பத்து வருஷம் கழித்து, கனடா லீக்கில் ஆட பால்ட்டிமோருக்கு ஓர் அணி கிடைத்தது. ஆசையாகக் கோல்ட்ஸ் என்று பெயர் வைத்தார்கள். நீதிமன்றம் தடை போட்டது. தங்கள் ஊரில் பிறந்த பெயரைத் தாங்களே சொல்லிக்கொள்ள முடியாத நிலை. அந்த அணி ஸ்டாலியன்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு 1995-இல் கனடாவின் கிரே கோப்பையையே ஜெயித்தது.

அதே 1995 நவம்பரில் பாதிப்பு கிளீவ்லாந்து பக்கம் திரும்பியது. பிரவுன்ஸ் முதலாளி ஆர்ட் மாடெல், அணியைப் பால்ட்டிமோருக்கு எடுத்துப்போவதாக அறிவித்தார். சீசன் பாதியில்! டிசம்பர் 17-ஆம் தேதி கடைசி உள்ளூர் ஆட்டத்தில் ரசிகர்கள் மைதானத்து இருக்கைகளைப் பெயர்த்து எறிந்தார்கள். ஆனால் ஊர் அழுதுகொண்டு மட்டும் இருக்கவில்லை. மைதானக் குத்தகை 1998 வரை இருந்தது. மேயர் மைக்கேல் ஒயிட் அதைப் பிடித்துக்கொண்டு வழக்குப் போட்டார். 1996 பிப்ரவரியில் சமரசம்: மாடெல் ஆட்டக்காரர்களையும் ஊழியர்களையும் கூட்டிப்போகலாம். பிரவுன்ஸ் என்ற பெயர், நிறம், பழைய வெற்றிக் கணக்கு எல்லாம் ஊரிலேயே இருக்கும். 1999-க்குள் புது அணி தரவேண்டும். சொன்னபடி 1999-இல் பிரவுன்ஸ் திரும்பவும் களம் இறங்கியது.

மாடெலுக்கு இப்போது பெயரில்லை. கோல்ட்ஸ் பெயரைத் திரும்ப வாங்கலாம் என்று பார்த்தால், இண்டியானாபொலிஸ் தரப்பு கேட்ட விலை கட்டுப்படியாகவில்லை. பால்ட்டிமோர் பத்திரிகை ஒன்று தொலைபேசி வாக்கெடுப்பு நடத்தியது. ரேவன்ஸ் என்ற பெயருக்கு 21,108 ஓட்டு விழுந்தது. ரேவன் என்றால் அண்டங்காக்கை. அதைப் பற்றிய புகழ்பெற்ற கவிதையை எழுதிய எட்கர் ஆலன் போ 1849-இல் இறந்ததும் அடக்கமானதும் அந்த ஊரில்தான். என்.எஃப்.எல். பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது. ஊரின் கதையிலிருந்து எடுத்து, ஊராரே தேர்ந்தெடுத்த பெயர்.

அப்படியானால் ஹூஸ்டன் ஏன் ஆயிலர்ஸ் பெயரை இழந்தது?

முதலாளி பட் ஆடம்ஸ் விட்டுக்கொடுக்கவில்லை. புது மைதானம் கேட்டார், ஹூஸ்டன் மேயர் மறுத்தார், நாஷ்வில் தருகிறேன் என்றது. 1997-இல் அணி டென்னசி மாநிலத்துக்குப் போனது. நாஷ்வில் மைதானம் இன்னும் கட்டி முடியாததால் முதல் வருஷம் 300 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் மெம்ஃபிஸில் ஆடினார்கள். நாளைக்குப் போகப்போகிற அணிக்கு மெம்ஃபிஸ்காரர்கள் ஏன் டிக்கெட் வாங்குவார்கள்? மைதானம் காலியாகக் கிடந்தது. எண்ணெய்க் கிணறு படம் போட்ட தலைக்கவசத்தோடு டென்னசி ஆயிலர்ஸ் என்ற பெயர் எவர் வாயிலும் ஒட்டவில்லை. 1999-இல் டென்னசி டைட்டன்ஸ் ஆனார்கள். நாஷ்வில்லுக்கு 'தெற்கத்தி ஏதென்ஸ்' என்று பெயர், கிரேக்கக் கோயிலான பார்த்தினானின் முழு அளவு நகலே அங்கே இருக்கிறது. ஆக, கிரேக்கப் புராணப் பெயர் பொருந்தியது.

இதுவரை சரி. ஆனால் வேண்டாம் என்று கழற்றிப் போட்ட ஆயிலர்ஸ் பெயரை ஹூஸ்டனுக்குத் திருப்பிக் கொடுக்காமல், வேறு யாரும் பயன்படுத்தவே கூடாது என்று ஆடம்ஸ் கேட்க, லீக்கும் சம்மதித்துப் பூட்டிவிட்டது. 2002-இல் ஹூஸ்டனுக்குப் புது அணி வந்தபோது டெக்சன்ஸ் என்று பெயர் வைத்தார்கள்.

2023-இல் இது இன்னும் கசந்தது. ஹூஸ்டன் பல்கலைக்கழக அணி, ஊரின் பழைய நினைவாக ஆயிலர்ஸ் சாயலில் வெளிர்நீலச் சீருடை போட்டு ஆடியது. லீக்கிடமிருந்து 'நிறுத்து' என்று வக்கீல் நோட்டீஸ் வந்தது. அதே வருஷம் டிசம்பர் 17-ஆம் தேதி டைட்டன்ஸ் அணி, அசல் ஆயிலர்ஸ் சீருடையைப் போட்டுக்கொண்டு நாஷ்வில்லில் ஹூஸ்டன் அணிக்கு எதிராகவே ஆடியது. கூடுதல் நேரத்தில் ஹூஸ்டன் 19-16 என்று ஜெயித்தது கொஞ்சம் ஆறுதல். சட்டப்படி டைட்டன்ஸ் செய்ததில் தப்பில்லை. ஆனாலும் அது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

வாஷிங்டன் அணியின் பழைய பெயரில் என்ன பிரச்சினை?

'ரெட்ஸ்கின்ஸ்' என்றால் சிவப்புத் தோல்காரர்கள். அமெரிக்கப் பூர்வகுடி மக்களைத் தோல் நிறம் சொல்லி ஏசும் வார்த்தை. வேறெந்த இனத்தையும் இப்படி அழைத்து ஓர் அணிக்குப் பெயர் வைத்து, அதற்கு டிக்கெட் விற்க முடியுமா என்று யோசித்தாலே விஷயம் புரிந்துவிடும்.

அணி 1932-இல் பாஸ்டனில் பிரேவ்ஸ் என்ற பெயரில் தொடங்கியது. பேஸ்பால் பிரேவ்ஸ் அணியின் மைதானத்தில் ஆடியதால் அந்தப் பெயர். மறு வருஷம் மைதானம் மாறியபோது, முதலாளி ஜார்ஜ் பிரெஸ்டன் மார்ஷல், குழப்பம் வேண்டாம் என்று பெயரை ரெட்ஸ்கின்ஸ் ஆக்கினார். 1937-இல் வாஷிங்டனுக்கு வந்தார்கள். இந்த மார்ஷல் கறுப்பின ஆட்டக்காரர்களை அணியில் சேர்க்கவே மறுத்தவர். என்.எஃப்.எல்.லில் கடைசியாக, 1962-இல்தான் சேர்த்தார். அதுவும் புது மைதானம் மத்திய அரசின் நிலத்தில் இருந்ததால், சேர்க்காவிட்டால் இடமில்லை என்று கென்னடி அரசு நெருக்கிய பிறகு.

எதிர்ப்பு எப்போது தொடங்கியது?

2020-இல் திடீரென்று வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பூர்வகுடிகளின் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஐ. 1968-லேயே இந்த மாதிரிச் சித்திரிப்புகளுக்கு எதிராக இயக்கம் தொடங்கிவிட்டது. 1992-இல் சூசன் ஹார்ஜோவும் வேறு ஆறு பேரும், இழிவான சொல்லுக்கு வணிகக்குறிப் பாதுகாப்பு தரக்கூடாது என்று மனுப் போட்டார்கள். 1999-இல் ஜெயித்தார்கள். 2003-இல் ஃபெடரல் மாவட்ட நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தாமதமாக வந்தீர்கள் என்பது அதில் ஒரு காரணம். அந்தத் தாமதக் காரணம் செல்லாதபடி, அமாண்டா பிளாக்ஹார்ஸ் என்ற நவஹோ இனப் பெண்ணும் மற்ற சில இளைஞர்களும் புதிதாக வழக்கெடுத்தார்கள். 2014-இல் ஆறு வணிகக்குறிகள் ரத்தாயின. 2017-இல் சம்பந்தமில்லாத ஓர் இசைக்குழுவின் வழக்கில், இழிவான சொல்லையும் பதிவு செய்ய உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல, 25 வருஷ உழைப்பு நீதிமன்றத்தில் ஒன்றுமில்லாமல் போயிற்று.

இதற்கிடையில் 2013-இல் முதலாளி டான் ஸ்னைடர், பெயரை ஒருபோதும் மாற்றமாட்டேன், 'ஒருபோதும்' என்பதைப் பெரிய எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள் என்று பத்திரிகைக்குச் சொல்லியிருந்தார்.

பூர்வகுடிகள் எல்லாருமே எதிர்த்தார்களா?

இல்லை, அதை மறைப்பது நியாயமில்லை. தலைக்கவசத்தில் இருந்த முகச்சின்னம் வருவதற்குக் காரணமாக இருந்தவர்களில் பிளாக்ஃபீட் இனத் தலைவர் வால்ட்டர் வெட்செல் ஒருவர். என்.சி.ஏ.ஐ.யின் தலைவராகவும் இருந்தவர். அவர் குடும்பத்தார் அந்தச் சின்னத்தை இன்றும் பெருமையாக நினைக்கிறார்கள். 2016-இல் வாஷிங்டன் போஸ்ட் எடுத்த கருத்துக்கணிப்பில் பத்தில் ஒன்பது பேர் தங்களைப் பெயர் புண்படுத்தவில்லை என்றார்கள். அந்தக் கணிப்பு எடுக்கப்பட்ட விதத்தைக் குறைசொன்ன ஆய்வாளர்களும் உண்டு. என்னைக் கேட்டால், சின்னமும் பெயரும் வேறு வேறு. ஒரு தலைவரின் முகத்தைக் கௌரவமாக வரைவதைப் பற்றி இரண்டு பக்கமும் பேசலாம். அந்த வார்த்தைக்காகப் பேச எதுவும் இல்லை.

பின்னே 2020-இல் எப்படி மாறியது?

பணம் பேசியது. மே 25-ஆம் தேதி மினியாபொலிஸில் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ்காரரின் முழங்காலடியில் உயிர்விட்ட பிறகு, நாடு முழுக்க இனவெறிக்கு எதிராக மக்கள் தெருவில் இறங்கினார்கள். மொத்தம் 62,000 கோடி டாலர் நிர்வகிக்கும் 87 முதலீட்டு நிறுவனங்களும் பங்குதாரர்களும், அணியோடு உறவை முறிக்கும்படி ஃபெடெக்ஸ், நைக்கி, பெப்சிகோ கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதினார்கள். மைதானத்தின் மேல் தன் பெயரைப் போட 20.5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்திருந்தது ஃபெடெக்ஸ். ஜூலை 2-ஆம் தேதி, பெயரை மாற்றச் சொல்லிவிட்டோம் என்று அது ஒரே வரியில் அறிவித்தது. நைக்கி தன் இணையக் கடையிலிருந்து அணியின் சட்டைகளை எடுத்துவிட்டது. மறுநாள் அணி நிர்வாகம் 'பரிசீலிக்கிறோம்' என்றது. ஜூலை 13-ஆம் தேதி, 87 வருஷப் பெயர் போயிற்று.

இதைப் பார்த்து, வழக்கும் போராட்டமும் வீண், ஸ்பான்சர்தான் எல்லாம் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அந்த முதலீட்டாளர்கள் கையில் எடுத்த வாதம் முழுக்க ஹார்ஜோவும் பிளாக்ஹார்ஸும் வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி ஊரறியச் செய்தது.

புதுப் பெயருக்கு ஏன் ஒன்றரை வருஷம் ஆனது?

நல்ல பெயர்கள் எல்லாம் ஏற்கெனவே யாரோ பதிவு செய்தவை. பெயர் மாறும் என்று எதிர்பார்த்து, பொருத்தமாகத் தோன்றிய பெயர்களுக்கெல்லாம் பல வருஷம் முன்பே விண்ணப்பம் போட்டு வைத்திருந்த தனி நபரும் உண்டு. ரசிகர்கள் மிகவும் விரும்பிய ரெட்வுல்வ்ஸ் பெயரை, மற்ற அணிகள் வைத்திருக்கும் வணிகக்குறிகளால் கைவிட்டார்கள். அதுவரை 'வாஷிங்டன் ஃபுட்பால் டீம்' என்று மொட்டையாக ஆடினார்கள். 2022 பிப்ரவரி 2-ஆம் தேதி கமாண்டர்ஸ் வந்தது. ராணுவத் தலைமையகம் இருக்கும் ஊருக்குப் பொருத்தம்தான். ஆனாலும் குழு உட்கார்ந்து ஆபத்தில்லாததாகப் பார்த்து எடுத்த பெயர் போலத்தான் எனக்குப் படுகிறது.

பழைய பெயர் திரும்பி வருமா?

2023-இல் ஸ்னைடரிடமிருந்து 605 கோடி டாலருக்கு அணியை வாங்கிய குழுவின் தலைவர் ஜாஷ் ஹாரிஸ், கமாண்டர்ஸ் பெயரே இருக்கும் என்று 2025 பிப்ரவரியில் தெளிவாகச் சொன்னார். அதே வருஷம் ஜூலையில் அதிபர் டிரம்ப் பழைய பெயரை மீண்டும் வைக்கச் சொன்னார். அணி அசையவில்லை.

கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் மட்டும் எப்படித் தப்பித்தது?

சீஃப் என்பது வசைச்சொல் இல்லை, மேயரின் செல்லப்பெயர் என்று சொல்லித்தான். ஆனால் அந்த மேயர் பார்ட்டிலுக்கு அப்பெயர் வந்ததே, பூர்வகுடி வேஷம் கட்டும் ஒரு சாரணர் குழுவைத் தொடங்கி, அதில் தலைவராக இருந்ததால்தான். 2020-இல் பூர்வகுடித் தலைப்பாகை அணிந்தும் முகத்தில் சாயம் பூசியும் மைதானத்துக்கு வரத் தடை போட்டார்கள். கையைக் கோடரி போல ஆட்டிக் கத்துவது இன்னும் நிற்கவில்லை. வெளியே எதிர்ப்பும் நிற்கவில்லை.

போர்க்காலத்தில் இரண்டு அணிகள் ஒன்றாக ஆடினவாமே?

ஆமாம். 1943-இல் ஆட்டக்காரர்கள் போருக்குப் போய்விட, பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸும் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸும் சேர்ந்து ஆடின. ஜனங்கள் ஸ்டீகிள்ஸ் என்றார்கள். அடுத்த வருஷம் ஸ்டீலர்ஸ் சிகாகோ கார்டினல்ஸோடு கூட்டுச் சேர்ந்து, ஆடிய பத்திலும் தோற்றது.

பெயர் மாறினால் பழைய வெற்றிகள் யார் கணக்கில் சேரும்?

சாதாரணமாக அணி முதலாளியோடு போகும். சூப்பர் பவுல் என்ற லீக்கின் இறுதி ஆட்டத்தில் வாஷிங்டன் பெற்ற மூன்று வெற்றிகள் கமாண்டர்ஸ் கணக்கில்தான். கிளீவ்லாந்து மட்டும் விதிவிலக்கு: 1964 வரை ஜெயித்த பட்டங்கள் இன்றைய பிரவுன்ஸுக்கு, ரேவன்ஸின் வரலாறு 1996-இல் தொடக்கம். ஹூஸ்டன் ஆயிலர்ஸ் 1960, 1961-இல் வென்ற ஏ.எஃப்.எல். பட்டங்கள் டென்னசிக்குப் போய்விட்டன. டெக்சாஸின் டைலர் நகரில் பிறந்து, ஹூஸ்டனுக்காக ஓடிப் பேரெடுத்த ஏர்ல் காம்பெல் டென்னசி அணிக்காக ஒரு நாளும் ஆடியதில்லை. அவருடைய 34-ஆம் எண்ணை வேறு யாரும் அணியக்கூடாது என்று ஓய்வு கொடுத்து வைத்திருப்பது டைட்டன்ஸ் அணி. ஹூஸ்டன் டெக்சன்ஸ் அல்ல.